காது கொடுக்கிற வேலை

உக்காரு மக்கா, இங்கன உக்காரு. பைய இப்படிக் குடு, என் மடியில வச்சுக்கிடுதேன். எம்மாடி, என்ன கனம். வீட்டையே தூக்கிக்கிட்டு வாரியா? ஜன்னல் பக்கம் வேண்டாம், அந்தக் கண்ணாடி வழியாத்தான் குளுரு இறங்கும். நான் இந்த பஸ்சுல பதினாறு வருசமாப் போறவ, எனக்குத் தெரியும்.

நீ ஆறாம் வார்டுல புதுசா வந்திருக்க பிள்ளதான? பாத்தேன். போன வாரம் கேன்டீன்ல ஒத்தையில உக்காந்து சோத்தக் கிண்டிக்கிட்டு இருந்த. தமிழ்ப் பிள்ளன்னு பாத்ததுமே தெரிஞ்சுட்டு. பேரு என்ன? இலக்கியாவா. எந்த ஊரு? அரியலூரா. அந்தப் பக்கம் நான் வந்தது கெடையாது. வார்டுல உன்ன என்னன்னு கூப்பிடுதாவ? லக்கியா? அதுவும் நல்லாத்தான் இருக்கு, கூப்பிட லேசா இருக்கும்லா. எம்பேரு ஞானசௌந்தரி. திருச்செந்தூர் பக்கம். நான் வந்த அன்னைக்கே, "உன்ன சூசன்னு கூப்பிடலாமா, உன் பேரு எங்க நாக்குல நிக்க மாட்டேங்கு"ன்னாவ. தாராளமாக் கூப்பிடுங்கன்னுட்டேன். ஒரு பேருக்குப் போயி சண்ட போடவா கடல் தாண்டி வந்தோம்?

கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? குளுருதான். எனக்கும் வந்த புதுசுல அப்படித்தான், கண்ணு, மூக்கு எல்லாம் ஒழுகும். வேசலின் தடவு, சரியாப் போயிரும்.

உன்ன நானே தேடிக்கிட்டு இருந்தேன், ஒரு காரியமா. ஆஸ்பத்திரி வர இன்னும் நேரம் கெடக்கு, இந்த பஸ்சு ஊரெல்லாம் சுத்தித்தான் போவும். அதுக்குள்ள சொல்லிருதேன். நீ எனக்கு ஒரு உதவி செய்யணும். பெரிசா ஒண்ணும் இல்ல. என்னப் பத்தி மேலிடத்துல நல்லதா நாலு வார்த்த சொல்லணும், அவ்வளவுதான்.

இங்க ஒரு வேலை இருக்கு, உனக்குத் தெரியுமோ என்னமோ. வெளிநாட்டுல இருந்து வந்தவங்க, தோலு நெறம் வேற உள்ளவங்க, நம்மள மாதிரி ஆளுவளுக்கு மனசு கஷ்டம் வந்தா கேக்கதுக்குன்னு ஒரு ஆளப் போட்டிருக்காவ. ஆளு வந்து, நம்மள்ல ஒருத்தர்தான். வாரத்துல ரெண்டு நாளு வார்டு வேலை கெடையாது. ஒரு ரூம், ரெண்டு நாற்காலி, தண்ணி சுட வைக்க ஒரு கெட்டில். வாரவங்க சொல்லுததக் காது குடுத்துக் கேக்கணும். அதுதான் வேலை. அதுக்கு வெல்பீயிங் சாம்பியன்னு பேரு வச்சிருக்காவ. சாம்பியனாம். எந்த ஓட்டப்பந்தயத்துல ஓடி ஜெயிச்சான்னு கேக்கேன்.

ஆமா, இப்ப அந்த நாற்காலியில இருக்கவளும் தமிழ்ப் பிள்ளதான். தமயந்தின்னு பேரு. கோவில்பட்டிக்காரி. ரெண்டு வருசத்துக்கு ஒருக்க ஆள மாத்துவாவ, இப்ப மாத்துத நேரம். அவளும் நிக்கா, நானும் நிக்கேன். நிக்கவளுக்காக மூணு பேரு போயி, "இவகிட்ட பேசுனா மனசு ஆறுது"ன்னு சொல்லணும். எனக்கு ரெண்டு பேரு கெடச்சாச்சு. ஒருத்தி பிலிப்பைன்ஸ்காரி மேரிசெல். அவளுக்கு எத்தன தடவ ஷிப்ட் மாத்திக் குடுத்திருக்கேன், சொல்லாமப் போவ மாட்டா. இன்னொருத்தி எங்க சபையில உள்ள பிள்ள, லேப்ல இருக்கா. மூணாவது நீ. இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்குள்ள சொல்லணும். நீ போயி எம்பேரச் சொன்னா போதும்.

என்ன சொல்ல வந்த? இரு, இத முடிச்சிருதேன்.

எனக்கு அவ மேல பொறாமை ஒண்ணும் கெடையாது. அத முதல்லயே சொல்லிருதேன். நான் நியாயத்தத்தான் சொல்லுதேன்.

இந்தத் தமயந்திய ஸ்டேஷன்ல போயிக் கூட்டிக்கிட்டு வந்தது யாரு? நான்தான். ஒரு மெல்லிசு சால்வையப் போத்திக்கிட்டு பல்லு கிடுகிடுன்னு ஆட நின்னா. போட்டிருந்த ஸ்வெட்டரக் கழத்திக் குடுத்தேன். எந்தக் கடையில இட்லி அரிசி கெடைக்கும், எந்த டாக்டரு கையெழுத்து போட மறந்துட்டு நம்ம மேல பழியப் போடுவாரு, எல்லாம் புட்டுப் புட்டு வச்சேன். வந்த புதுசுல எங்க வீட்டு மாடி ரூம்லதான் இருந்தா. வாடக வாங்கினேன்தான். இங்க கரண்ட் பில்லு வாரது உனக்கே தெரியும்.

அவ ஒரு தொட்டாச்சிணுங்கி. பேசண்டு முகத்தத் திருப்பிக்கிட்டா அன்னைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. நான் சொல்லுவேன், "ஏ பிள்ள, இது வயித்துப் பாட்டுக்கு வந்த எடம். ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுட்டுப் போ." சரிக்கா சரிக்கான்னு தலைய ஆட்டுவா. பொறவு பாத்ரூம்ல போயிக் கதவச் சாத்திக்கிடுவா, குழாயில தண்ணி ஓடிக்கிட்டே கெடக்கும். குளிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா ஓடும். நான் போயிக் கதவத் தட்டி, "தண்ணிக்குக் காசு யாரு கட்டுவா"ன்னு கேப்பேன். உடனே நிறுத்திருவா. அந்த அளவுக்குச் சொன்ன பேச்சு கேட்ட பிள்ளதான், அப்பல்லாம்.

பொறவு ஒரு நாளு வார்டுல அந்தக் கூத்து நடந்தது. ஒரு கெழவருக்கு மாத்திரை குடுக்கப் போயிருக்கா. அவரு கையத் தட்டி விட்டுட்டு, "இங்கிலீசு தெரிஞ்ச ஆளக் கூட்டிக்கிட்டு வா"ன்னுட்டாரு. இவ அவர விட நல்ல இங்கிலீசு பேசுவா, அது வேற கத. பக்கத்துல நின்ன வெள்ளக்கார நர்சு சிரிச்சிட்டா. அவ்வளவுதான். இவ நேரா போர்வை அடுக்கி வச்சிருக்க ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. கூப்பிட்டாலும் வரல. கடைசியில மார்கரெட் போனாவ. மார்கரெட்டுன்னா எங்க வார்டு மேனேஜர், பெரிய நர்சு. உள்ள போயி, இவ பக்கத்துல தரையில உக்காந்துட்டாவ. தரையில. முட்டி ஆபரேஷன் பண்ணுன பொம்பள, ஒரு கையச் செவத்துல ஊனி இறங்கி உக்காந்தாவ. அவ கையப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணும் பேசாம இருந்தாவ.

நான் மருந்து வண்டியப் பிடிச்சுக்கிட்டு வெளிய நின்னேன். கதவு லேசாத் தொறந்து கெடந்தது. எல்லாம் பாத்தேன். எனக்கு வயிறு எரிஞ்சுது. சொல்லுததுக்கு என்ன, எரியத்தான் செஞ்சுது. நான் அந்தம்மாகிட்ட எத்தன வருசமா வேல பாக்கேன். எனக்காக அவ்வோ ஒரு நாளு நாற்காலிய இழுத்துப் போட்டுக்கூட உக்காந்தது கெடையாது.

அதுக்குப் பொறவு அவளுக்கு நடந்த ராஜ உபசாரத்தச் சொல்லி மாளாது. லீவு குடுத்தாவ. பேசி ஆத்துததுக்கு கவுன்சிலர் அம்மா ஒருத்திய வச்சாவ. திரும்பி வந்தா லேசான ஷிப்ட். அந்தக் கெழவர் வீட்டாளுவளக் கூப்பிட்டு, இப்படிப் பேசுனா இங்க வச்சுப் பாக்க முடியாதுன்னு கண்டிச்சாவ. சிரிச்ச நர்சு அழுதுகிட்டே வந்து மன்னிப்புக் கேட்டா. அழுத பிள்ளதான் பால் குடிக்கும்னு சும்மாவா சொன்னாவ? எனக்கு அழுகை வரலன்னா அது எங் குத்தமா?

எங்க பக்கம் எல்லாம் மனசு சரியில்லன்னு வாயத் தொறந்தா கோட்டி, பைத்தியம்னுருவாவ. ஒருக்க கோட்டின்னு பேரு வாங்கிட்டா அந்த வீட்டுக்கு ஒரு சம்பந்தம் வராது. எங்க சின்னம்மை ஒருத்தி கொஞ்ச நாளு யார்கிட்டயும் பேசாம இருந்தா. அதுக்கே அவ தங்கச்சி கல்யாணம் தள்ளிக்கிட்டே போச்சு. அதனால நாங்க வாயத் தொறக்கதே இல்ல. வேலையப் பாப்போம், வீட்டுக்குப் போவோம். அப்படி இருந்தவளுக்கு இந்த ஊர்ல ஒரு மரியாதையும் இல்ல, கண்ணக் கசக்குனவளுக்கு நாற்காலி.

என்ன? நேத்தா? உங்க வார்டுல ஆறாம் பெட்டுல இருக்க ஆளா? தொடாதன்னானா? உன் கை நாறுது, தொடாதன்னானா? சரி. அதுக்கு சிஸ்டர் என்ன சொன்னாவ? நீ வேற பெட்டப் பாத்துக்கோன்னாவளா? அப்ப நல்லதாப் போச்சு, உனக்கு ஒரு பெட்டு குறஞ்சுட்டுல்லா. இதெல்லாம் ஒரு விஷயமா மக்கா. எனக்கு நடந்ததக் கேளு, நீ உன் கதய மறந்துருவ.

ஒரு பொம்பள, நல்லா வயசானவ. இடுப்பு ஒடஞ்சு வந்து கெடந்தா. குளிப்பாட்டுதது, தல சீவி விடுதது எல்லாம் நான்தான். நகம்கூட வெட்டி விட்டிருக்கேன். டீயில அவளுக்கு எவ்வளவு சீனி வேணும்னு அவ மகளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு நாளு மக பூவோட பாக்க வந்திருக்கா. நான் தெரைக்கு அந்தப் பக்கம் வந்துக்கிட்டு இருக்கேன். இவ மககிட்டச் சொல்லுதா, "பர்ஸ எடுத்து உள்ள வை, அவ வாரா." 

அவ. நான்தான் அவ.

நான் என்ன செஞ்சேன்? கேக்காத மாதிரி உள்ள போயி, பூவ வாங்கி, ஜாடியில தண்ணி ஊத்தி வச்சேன். டீ போட்டுக் குடுத்தேன், அதே சீனி போட்டு. சாயங்காலம் மார்கரெட்டுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. என் தோளத் தட்டி, "சூசன், நீ ஒரு பாறை"ன்னாவ. எனக்கு சந்தோசமாத்தான் இருந்தது. எங்க வீட்டுக்காரரு நைட் ஷிப்ட் போறவரு, நான் உள்ள வரும்போது அவரு வெளிய போவாரு, கதவுப் பக்கம்தான் நாங்க பாத்துக்கிடுதது. அந்தக் கதவுப் பக்கத்துல நின்னு சொன்னேன், "என்னப் பாறைன்னு சொல்லிட்டாவ"ன்னு. "நல்லது"ன்னுட்டு பஸ்சுக்கு ஓடினாரு. பாறைய யாரும் போயி, உனக்கு வலிக்கான்னு கேக்க மாட்டாவல்லா. அது எனக்கு அப்பத் தோணல.

பாத்தியா, உன் கத இப்ப சின்னதாப் போயிட்டுல்லா? அதுதான் நம்ம முற. துடைச்சுக்கோ, இந்தா டிஷ்யூ. குளுருக்கு நெறைய ஒழுகுது உனக்கு.

எங்க விட்டேன்? ஆங், அந்த வேலை. முதல் தடவ ஆளு எடுக்கும்போது நானும்தான் போனேன். வயசுல மூத்தவ, அனுபவம் உள்ளவ, எனக்குத்தான்னு எல்லாரும் சொன்னாவ. நானும் புதுசா ஒரு கோட்டு வாங்கிப் போட்டுக்கிட்டுப் போனேன். உள்ள ஒரு அம்மா உக்காந்திருக்காவ. அவ்வோ அழுத நர்சு மாதிரி நடிப்பாவளாம், நாம ஆறுதல் சொல்லணுமாம். கண்ணத் தொடச்சுக்கிட்டு, "ஒரு பேசண்டு என்ன மோசமாப் பேசிட்டாரு, திரும்ப ஊருக்கே போயிரலாம் போல இருக்கு"ன்னாவ.

நம்ம ஊர்ல ஒருத்தி அழுதா என்ன செய்வோம்? "அழாத, நாங்க படாததா"ன்னு நம்ம கதயச் சொல்லுவோம். துட்டி வீட்டுல என்ன செய்யுதோம்? செத்தவன் பொண்டாட்டியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, நம்ம வீட்டுல செத்தவங்களச் சொல்லித்தான அழுதோம்? அவளும் கேப்பா, நமக்கும் பாரம் கொறையும், அவளுக்கும் ஊர்ல எல்லாருக்கும் இதுதான்னு விளங்கும். அதத்தான் நானும் செஞ்சேன். அந்தம்மா கையப் பிடிச்சுக்கிட்டு, "இதெல்லாம் ஒரு விஷயமா, எனக்கு நடந்ததக் கேளு"ன்னு பர்ஸ் கதயச் சொன்னேன். அதோட விடாம, எம்பையன் பள்ளிக்கூடத்துல பட்டதச் சொன்னேன். ஒரு பதவி உயர்வுல எனக்குப் பின்னால வந்தவள மேல தூக்கி விட்டதச் சொன்னேன். அந்தம்மா ரெண்டு மூணு தடவ என்னமோ சொல்ல வந்தாவ. இருங்க, முடிச்சிருதேன்னேன். அந்தால பெல்லு அடிச்சிட்டாவ, நேரம் முடிஞ்சுட்டுன்னு. 

அடுத்தாப்புல தமயந்தி உள்ள போனா. அவ என்ன சொன்னான்னு பொறவு கேள்விப்பட்டேன். ஒண்ணுமே சொல்லல. ஒரு டம்ளர் தண்ணிய ஊத்தி வச்சுட்டு, "பேசணும்னா பேசுங்க, இல்லன்னா சும்மா இருப்போம்"னு சொல்லிட்டுப் பக்கத்துல உக்காந்துட்டா. எங்க படிச்சா இத? போர்வை ரூம்ல மார்கரெட்கிட்ட படிச்சது. காப்பி அடிச்சுப் பாஸ் பண்ணிட்டா. வாயத் தொறக்காம இருந்ததுக்கு ஒரு வேலை, அதுக்கு ஒரு சாம்பியன் பட்டம். வளத்த கடா மார்புல பாஞ்ச கதைதான்.

அந்த வேலைக்கு வந்ததும் அவ மொதல்ல என்ன செஞ்சா தெரியுமா? எல்லாரையும் சொந்தப் பேரு சொல்லித்தான் கூப்பிடணும்னு ஒரு ஏற்பாடு. மார்கரெட் வாயக் கோணிக்கிட்டு, த, ம, யந், தின்னு படிக்காவ. ஆப்பிரிக்காவுல கானா நாட்டுக்காரன் ஒருத்தன், பேரு முழ நீளம் இருக்கும், அதையும் சொல்லுதாவ. என்கிட்டயும் வந்தா. "அக்கா, உங்களையும் ஞானசௌந்தரின்னு சொல்ல வைப்போமா"ன்னா. வேண்டாம்னுட்டேன். எங்கய்யா எனக்கு வச்ச பேரு. அத இவ வாங்கித் தந்து நான் வாங்கிக்கிடணுமா? நான் சூசனாவே இருந்துட்டுப் போறேன்.

கேன்டீன்ல நான் உக்காருத எடத்துல இருந்து பாத்தா அவ ரூம் கதவு தெரியும். வேணும்னு உக்காருதது இல்ல, அந்த எடத்துலதான் ஹீட்டர் இருக்கு. போறவங்க எல்லாம் தெரியும். கானாக்காரன் போவான். கேரளாக்காரி ரெண்டு பேரு போவாளுவ. போகும்போது தோளு தொங்கிப் போயிப் போறாவ, வரும்போது நிமுந்து வாராவ. ஒருத்தி என் முன்னாலயே சொல்லுதா, "சேச்சி இல்லன்னா நான் நாட்டுக்குப் போயிருப்பேன்"னு. கேரளாக்காரிக்கும் அவ சேச்சி ஆயிட்டா. ரெண்டு வருசமா இந்தக் கண்ணால இதப் பாத்துக்கிட்டே சாப்பிடுதேன். சாப்பாடு எப்படி இறங்கும்?

அவ என்னையும் விட்டு வைக்கல. எதிர்ல வந்தா, "நல்லா இருக்கீங்களாக்கா"ன்னு நின்னு கேப்பா. மத்தவங்க கேட்டா பதில வாங்காமப் போயிருவாவ, இவ நிப்பா. எனக்கென்ன, நல்லா இருக்கேன்னு நான்தான் நடந்துருவேன். ஒரு நாளு என் லாக்கர் மேல கோவில்பட்டி கடலமிட்டாய் ஒரு பாக்கெட்டு வச்சிருக்கா. ஒரு சீட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. எதுக்கு வைக்கா? தன்ன நல்லவன்னு காட்டத்தான். எனக்குப் பல்லுக்கு ஆவாது. தூரப் போட மனசு வராமத் தின்னேன். நமத்துப் போயிருந்தது.

நமக்கு அதெல்லாம் தேவையில்ல. எனக்கு ஒரு சீக்கும் கெடையாது. இந்த வாயுத் தொல்லை, கேஸ் ஒண்ணுதான். இப்பக் கொஞ்ச காலமா, பஸ்சு அந்த ரவுண்டானா திரும்பி ஆஸ்பத்திரிக் கட்டடம் தெரிஞ்சதும் நெஞ்சுல அடைக்கும். படபடன்னு அடிச்சுக்கிடும், கை வேர்க்கும். கேஸ்தான். ஊர்ல இருந்து ஓமத் தண்ணி வரவழச்சு வச்சிருக்கேன், பாரு, கைப்பையிலயே கெடக்கு. அதனால நான் ஆஸ்பத்திரி ஸ்டாப்ல இறங்குதது இல்ல. அடுத்த ஸ்டாப் வரைக்கும் போயி, அங்கன இருக்க பெஞ்சுல செத்த நேரம் உக்காந்து, பொறவு நடந்து வருவேன். நடந்தா கேஸுக்கு நல்லதுல்லா. நெஞ்சுன்னு நெனச்சு ஈசிஜி கூட எடுத்துப் பாத்தாச்சு. சுத்தமா இருக்கு. நானே நர்சு, எனக்குத் தெரியாதா?

சரி, ரவுண்டானா வந்துட்டு. நீ என்ன சொல்லுத? நாலு மணிக்குள்ள போயிச் சொல்லிருவியா? "சூசன்கிட்ட பேசுனேன், மனசு ஆறுச்சு"ன்னு சொன்னா போதும். இப்பப் பேசுனோம்லா, பொய்யும் கெடையாது. 

என்ன மக்கா, ஏன் இப்படி அழுத? இது குளுரு இல்லியே.

பையில என்ன இருக்கு? பாஸ்போர்ட்டா? துணியெல்லாம் எடுத்துட்டு வந்துட்டியா? இன்னைக்கு ஷிப்ட்டுக்கே போவலியா? ஆஸ்பத்திரி குடுத்த ரூம் சாவிய அங்க குடுத்துட்டு ஏர்போர்ட்டுக்கா? இத ஏன் முதல்லயே சொல்லல?

சொல்ல வந்தியா. 

ஆமா. சொல்லத்தான் வந்த.

என்ன கேட்ட? சத்தமாச் சொல்லு, பஸ்சு எரைச்சல். யாரு நம்பரு?

தமயந்தி நம்பரா.

நான் ஒருத்தி முழுசா உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். உன் பைய மடியில வச்சிருக்கேன். ஏறுனதுல இருந்து தொண்டத்தண்ணி வத்த உன்கிட்ட பேசிக்கிட்டு வாரேன். நீ அவ நம்பரக் கேக்க. 

சரி. போனை எடு. சொல்லுதேன், அடிச்சுக்கோ. சைபர், ஏழு, ஏழு, நாலு, ஒண்ணு. அடிச்சிட்டியா? மூணு, ஒம்பது, ஒம்பது. ரெண்டு, சைபர், ஆறு. எதையும் பாக்காமச் சொல்லுதேன்னு பாக்கியா? பொம்பளையாளு டாய்லட் கதவுல ஒட்டியிருக்காவல்லா, தெனம் பாக்கேன், மனசுல ஒட்டிக்கிட்டு. 

ஒருக்க அடிச்சும் பாத்தேன். நம்பரு வேல செய்யுதான்னு பாக்கத்தான். என் நம்பர மறச்சுட்டுத்தான் அடிச்சேன். அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தேன், அன்னைக்கு கேஸ் ரொம்ப அதிகம், எந்திரிக்க முடியல. எடுத்தா. யாருன்னு கேக்கல. "நான் இருக்கேன், பேசுங்க"ன்னா. எனக்கு மூச்சுதான் வந்தது, பேச்சு வரல. செத்த நேரம் பொறுத்து, "மெதுவா மூச்சு விடுங்க, நான் போன வைக்க மாட்டேன்"னா. வைக்கவும் இல்ல. அந்தப் பக்கம் அவ குழாயத் தொறந்து கெட்டில்ல தண்ணி பிடிக்க சத்தம்கூட கேட்டுச்சு. பொறவு ரொம்ப மெதுவா, "ஞானசௌந்தரியக்காவா"ன்னா.

நான் வச்சிட்டேன்.

மறுநாளுதான் அந்தக் கடலமிட்டாய்.

உன் ஸ்டாப் வந்துட்டு. எந்திரி, பையப் பிடி. மெதுவா இறங்கு, படி ஈரமா இருக்கு. மொதல்ல அடி, பொறவு சாவியப் பத்தி யோசி. ரெண்டு மூணு ரிங்குல எடுத்துருவா. எடுத்ததும் பேச வராது, பரவாயில்ல, அவ இருப்பா. ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளு. பேச வரலன்னு நீயா வச்சிராத. ஒருக்க வச்சிட்டா, மறுபடி அடிக்கதுக்குக் கை வராது.

நாலு மணி விஷயத்த விடு. யாரு குடுத்த நம்பருன்னு அவ கேட்டா, பஸ்சுல ஒருத்தி குடுத்தான்னு சொல்லு. சூசன்னு சொல்லு போதும்.

நானா? நான் இங்கன இறங்கல மக்கா. அடுத்த ஸ்டாப்ல இறங்கி நடந்து வாரேன். கேஸுக்கு நல்லது.